இரண்டாவது டைவில் நடுக்கம்: கடைசியில் சரிசெய்தது இப்படித்தான்

பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து முருடேஷ்வர் போய் நேத்ராணித் தீவில் ஸ்கூபா டைவ் அடிப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவலாம். தண்ணீர் 28 டிகிரி, இதுக்கு எதுக்கு வெட்சூட் (நீருக்குள் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) என்பார்கள் அல்சூர் நண்பர்கள். எனக்கோ இரண்டாவது டைவ் பாதியிலேயே உடம்பு நடுங்கும், சிலிண்டர் காற்றும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தீரும்.

முதலில் லைக்ரா சட்டை. ஜெல்லிமீன் கொட்டுக்குச் சரி, குளிருக்குப் பிரயோஜனமில்லை. அப்புறம் இரவல் வாங்கிய 5 மில்லிமீட்டர் சூட், அதில் உடம்பு மேலேயே மிதந்ததால் இடுப்பில் ஈயக்கட்டியைக் கூட்டவேண்டி வந்தது. வாடகைக்குக் கிடைத்த 3 மில்லிமீட்டரிலும் நடுக்கம் நிற்காததுதான் மண்டையைக் காயவைத்தது.

சிக்கல் முதுகில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் சூட் கச்சிதம். நீருக்குள் குப்புற நீந்தும்போது முதுகுப் பள்ளத்தில் பை மாதிரி உப்பி, ஒவ்வொரு உதைக்கும் கழுத்து வழியே புதுத் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் வெப்பத்தைக் கடத்தும், அதனால் உள்ளே புகுந்த நீர் மாறாமல் நின்றால்தான் சூட்டுக்குப் பலன்.

முதுகில் உப்பாத 3 மில்லிமீட்டர் சூட் ஒன்றைத் தேடி வாங்கினேன், நடுக்கம் போச்சு. கடையில் போட்டுப் பார்க்கும்போது கூட வந்தவரை முதுகுப் பக்கம் இடுப்புக்கு மேலே சூட்டைக் கிள்ளச் சொல்லுங்கள், துணி கையோடு வரக்கூடாது. இரண்டு டைவுக்கு நடுவே படகில் சூட்டை இடுப்புவரை கழற்றி உடம்பைத் துவட்டிவிடுங்கள். ஈரத்தின் மேல் அடிக்கும் கடற்காற்றும் லேசுப்பட்டதில்லை.