தண்ணீரை விட்டு எழும்பாத விமானம்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் நிறைந்ததும், என் ரிமோட் விமானத்துக்குத் தெர்மாகோலில் இரண்டு மிதவை செய்து மாட்டினேன். முழு வேகம் கொடுத்தும் எழும்பவில்லை. இரண்டு முறை மூக்கு குத்திக் கவிழ்ந்தது. முதலில் மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டேன்; கோளாறு மிதவையில் இருந்தது.

மிதவையின் அடிப்பாகத்தை உப்புத்தாள் போட்டு முனையிலிருந்து கடைசி வரை ஒரே வழவழப்பாகத் தேய்த்திருந்தேன். அப்படி இருந்தால் தண்ணீர் பின்பகுதி வரை ஒட்டிக்கொண்டு விடவே விடாது. நிஜக் கடல் விமானத்தின் மிதவை அடியில் குறுக்கே படிக்கட்டு போல ஒரு படி இருக்கும். வேகம் கூடும்போது அந்த இடத்தில் தண்ணீர் அறுபட்டுக் காற்று நுழையும். நானும் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் படி வெட்டினேன். மிதவையின் முனையையும் புரொபெல்லரைத் தாண்டி முன்னால் நீட்டினேன்.

அப்புறம் எதிர்காற்றில் ஓட்டினேன். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) முதலில் நன்றாக இழுத்து, மிதவை மேலேறி வழுக்கத் தொடங்கியதும் தளர்த்த வேண்டும். இழுத்தபடியே இருந்தால் பின்பக்கம் அமுங்கி வேகம் ஏறாது. மூன்றாவது ஓட்டத்தில் சளப் சளப் சத்தம் சட்டென்று நின்றது. கோரைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது!

ஒன்று மட்டும்: கண்ணாடி போல அசையாத தண்ணீரில் இறக்காதீர்கள், உயரமே பிடிபடாது. ஆட்கள் குளிக்கும் படித்துறைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.