இன்டீசன்ட் என்று எழுதுவதற்கு முன்

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய், மகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த ஆங்கிலக் குறிப்பை நான்காய் மடித்து என்னிடம் கொண்டுவந்தார். "சேர், என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். முதல் நாள் பரந்தன் பக்கம் நல்ல மழை. சப்பாத்து நனைந்துபோனதால் பிள்ளை செருப்போடு போயிருக்கிறாள். குறிப்பில் இருந்ததோ, அவள் 'இன்டீசன்ட்' ஆக உடுத்தி வந்தாள் என்று. எழுதியவர் நினைத்தது 'ஒழுங்காக உடுத்தவில்லை' என்பதைத்தான். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வாசித்தால், பிள்ளை உடம்பு தெரிய வந்தாள் என்றே விளங்கிக்கொள்வார். அந்தத் தாய்க்கு அதை எப்படிச் சொல்வதென்று எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

இந்தப் பிழை எங்கள் பேச்சில் இருந்தே வருகிறது. "டீசன்டான பெடியன்", "டீசன்டா உடுத்துக்கொண்டு வா" என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அப்போ துப்பரவில்லாத எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'இன்' போட்டால் சரி என்று கை போய்விடுகிறது. ஆங்கிலத்தில் டீசன்ட் அகலமான சொல். சம்பளம், வீடு, சாப்பாடு எதற்கும் பொருந்தும். இன்டீசன்ட் அப்படியில்லை, பெரும்பாலும் பாலியல் வெட்கக்கேட்டையே குறிக்கும். 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 'குரோஸ் இன்டீசன்சி' ஒரு குற்றத்தின் பெயர். செருப்புக்கு 'சீருடை முழுமையாக இல்லை' என்பதன் ஆங்கிலம் போதும். அவசரத்துக்கும் இந்தச் சொல் வரும். செத்தவீட்டின் எட்டுச்செலவு முடிய முதலே பிள்ளைகள் காணிப் பேச்சை எடுத்தால் அது 'இன்டீசன்ட் ஹேஸ்ட்'.

இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழைதான் எனக்கு இன்னும் கவலை. பஸ்சில் ஒரு பெண்ணின் உடம்பில் கை வைத்தவனைப் பற்றி முறைப்பாடு எழுதும்போது, கூச்சத்தில் 'ரூட்' என்று எழுதுகிறார்கள். ரூட் என்றால் மரியாதையில்லாமல் பேசினான் என்ற அளவுதான். நடந்தது பாலியல் தொந்தரவு. அதே தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் அது தண்டனைக்குரிய குற்றம். எங்கே தொட்டான், என்ன சொன்னான் என்பதை நேரடியாக எழுத வேண்டும். 'ரூட்' என்று மட்டும் எழுதினால் அவன் தப்பிப்போக நாங்களே வழிவிடுகிறோம்.

வல்கர், ஒப்சீன் இரண்டையும் 'ஆபாசம்' என்று ஒரே கூடைக்குள் போடுகிறோம். வல்கர் லத்தீனில் 'சாதாரண சனம்' என்ற சொல்லில் இருந்து வந்தது. அதனால்தான் பிரித்தானியர் சாதாரண பின்னத்தை 'வல்கர் ஃபிராக்ஷன்' என்கிறார்கள். இன்றைக்கு அது பண்பில்லாத, கொச்சையான பேச்சையோ ரசனையையோ சொல்லும். ஒப்சீன் அதைவிடக் கடுமை. பணத்துக்கும் அது வரும். 'ஒப்சீன் ப்ரொஃபிட்' என்பதை 'ஆபாச இலாபம்' என்று மொழிபெயர்க்கக் கூடாது. கண் கூசுகிற, அருவருப்பூட்டுகிற இலாபம் அது.

ஆனால் மனுவில் அதை எழுதாதீர்கள். போருக்குப் பிறகு நுண்கடன் கொம்பனிகள் வன்னியின் கிராமங்களுக்குள் வந்தபோது, 'அநியாய வட்டி' என்று எழுத வந்தவர்கள் பலர். ஒரு மனுவில் அது 'இன்ஜஸ்டிஸ் இன்டரஸ்ட்' ஆகியிருந்தது, இன்னொன்றில் 'ஒப்சீன்' என்று இருந்தது. ஒப்சீன் எங்கள் கோபத்தைச் சொல்கிறது. வட்டி அளவு மீறியது என்று அதிகாரிக்குச் சொல்லும் சொல் 'எக்ஸோபிட்டன்ட்'. லத்தீனில் அதன் பொருள், சில்லுத்தடத்தை விட்டு வெளியே போனது. மணல் ஒழுங்கையில் மாட்டுவண்டில் தடம் விட்டு விலகுவதைக் கண்டவர்களுக்கு அது மறக்காது. அதற்குப் பக்கத்தில் வட்டி வீதத்தையும் இலக்கத்தில் எழுதிவிடுங்கள்.

'டெரிஃபிக்' இன்றைய ஆங்கிலத்தில் 'அருமையான' என்றே பொருள்படும். 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிய கட்டுரைகளில் அதைக் கண்டிருக்கிறேன். அந்த இடத்துக்கு, 'பயங்கரமான' என்று பொருள்படும் 'டெரிபிள்'.

குரோஸ் சம்பளச் சிட்டையில் 'மொத்தம்', பிள்ளைகளின் பேச்சில் 'சீ, அருவருப்பு'. மனித உரிமை அறிக்கைகளில் 'குரோஸ் வயலேஷன்ஸ்' என்று வந்தால் 'மொத்த மீறல்கள்' என்று தமிழாக்காதீர்கள். 'பாரதூரமான மீறல்கள்' என்பதே சரி. பாதிக்கப்பட்டோரின் பரிகார உரிமை பற்றி 2005இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகளின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்காக எழுதும் தாய்க்கு அது உதவும்.

கடைசியாக 'எனோமிட்டி'. இரணைமடுவின் பரப்பைச் சொல்ல ஒரு மாணவி இதை எழுதியிருந்தாள். குளத்துக்கு 'வாஸ்ட்னஸ்' போடலாம் என்று திருத்திக் கொடுத்தேன். கவனமாக எழுதுபவர்கள் எனோமிட்டியைக் கொடுமையின் கனத்துக்கே வைத்திருக்கிறார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கு அந்தச் சொல் பொருந்தும். 'த எனோமிட்டி ஒஃப்' என்று தொடங்கினால், அடுத்து வருவது ஒருவர் செய்த செயலாக இருக்கட்டும், குளமோ கட்டடமோ வேண்டாம்.