ஒல்லிக்கால் நாற்காலி தேடுகிறவர்களுக்கு

மிட் செஞ்சுரி மாடர்ன், அதாவது போன நூற்றாண்டின் நடுவில் வந்த அலங்காரமில்லாத மரச்சாமான் பாணி, என்று கேட்டதும் எல்லாருக்கும் சண்டிகர் நாற்காலிதான் நினைவுக்கு வரும், பியேர் ஜான்னரே 1950-களில் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்தது, தேக்குச் சட்டம், பிரம்பு இருக்கை, கவட்டை போல விரிந்த கால். அதைத் தேடி அலையாதீர்கள். வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் போகிறது, 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது, சந்தையில் போலியும் நிறைய. முதுகுச் சட்டத்தில் பெயின்டால் எழுதிய அலுவலக எண்ணைக் காட்டி ஒரிஜினல் என்பார்கள். எழுதுவதற்கு ஒரு தூரிகை போதும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தேட வேண்டியது அந்தக் காலத்து ஆசாரிகள் செய்த சாமான்களைத்தான். சிற்ப வேலை இருக்காது, கால் கீழே போகப் போக மெலிந்து வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும், இருக்கை பிரம்பில் பின்னியிருக்கும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய ஓட்டு வீட்டை இடித்து கான்கிரீட் போடுகிற இடத்தில் நிலை, கதவு, உத்தரத்தோடு இதுவும் ஒரு மூலையில் கிடக்கும். கடைக்குப் போவதற்கு முன் சொந்தக்காரர் வீட்டு மச்சில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். உடைந்த சாமான் அங்கேதான் போய்ச் சேரும்.

அப்புறம் மரம். மேல் பாலீஷை நம்பக்கூடாது, நாற்காலியைக் கவிழ்த்து, பாலீஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். தேக்கு பொன்பழுப்பாக இருக்கும், லேசாகச் சுரண்டினால் எண்ணெய் வாசம் வரும். அயினி மஞ்சள் கலந்த பழுப்பு, இங்கே கதவிலிருந்து கட்டில் வரை அதுதான், தேக்கு இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது ரப்பர் மரம். குலசேகரம், அருமனை பக்கம் தோட்டம் தோட்டமாக நிற்கிறது, வெளிறிய வைக்கோல் நிறம், அதற்குத் தேக்கு நிறம் அடித்துவிட்டால் கூடத்து வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. கவிழ்த்தால் தெரியும். அந்தக் காலத்து ஆசாரி ரப்பர் மரத்தில் நாற்காலி செய்து கொடுத்திருக்க வாய்ப்பு குறைவு, ஆக அது பழசில்லை.

கவிழ்த்த கையோடு உளுப்பும் பாருங்கள். குண்டூசித் துளை இருந்தால் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து நாற்காலியைத் தட்டுங்கள். மாவு போல வெளிறிய தூள் கொட்டினால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். அது பெரும்பாலும் வெள்ளையில்தான், அதாவது மரத்தின் வெளிப்பக்க வெளிர்ப் பகுதியில்தான் ஏறும், உள்ளே இருக்கும் கெட்டியான வைரத்தில் அவ்வளவாக ஏறாது. கால் முழுக்க வைரமாக இருந்து ஓரத்தில் மட்டும் துளை என்றால் மருந்து ஏற்றிக்கொள்ளலாம், அதுவரை வீட்டுச் சாமான்களோடு சேர்க்காதீர்கள். வெயிலில் வைத்தால் போய்விடும் என்று விற்கிறவர் சொல்வார். தலையாட்டிவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஆட்டம் கண்டிருந்தால் பயப்பட வேண்டாம், துளையில் நாக்கைச் செருகிய பொருத்து என்றால் பிரித்து மறுபடி ஒட்டலாம். ஏற்கெனவே யாரோ கம்பி ஆணி அறைந்து மரம் பிளந்திருந்தால் யோசிக்க வேண்டும்.

வாங்கியதும் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: மெஷின் போட்டுத் தேய்த்து பளபளவென்று வார்னிஷ் அடிப்பது. விளிம்பெல்லாம் மழுங்கி நாற்காலி வேறு நாற்காலி ஆகிவிடும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுவென்று இளகினால் அது பழைய அரக்கு பாலீஷ், மேலே அதே அரக்கைப் பூசினாலே போதும். சூடான தம்ளரை மட்டும் நேராக வைத்துவிடாதீர்கள், வெள்ளை வட்டம் விழும்.

பிரம்பு தொய்ந்திருந்தால் உடனே மாற்றாதீர்கள். அறுந்து போகாத வரை, அடிப்பக்கம் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து நன்றாக ஊறவிட்டு, யாரையும் உட்காரவிடாமல் காற்றாட ஒரு நாள் காயவிடுங்கள், பாதித் தொய்வு இறுகிவிடும். மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள், நமக்குத்தான் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், காயாத பிரம்பில் பூசணம் பிடிக்கும்.