பாக்டீரியா தின்றுவிடும் என்று பால் கவரைப் புதைக்காதீர்கள்

சென்னை கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அதான் பிளாஸ்டிக் தின்னுற பாக்டீரியா கண்டுபிடிச்சிட்டாங்களே, கொண்டாந்து விட்டா முடிஞ்சுது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பாக்டீரியா இருப்பது உண்மை. எல்லா பிளாஸ்டிக்கையும் அது தின்னும் என்று நம்புவதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர்.

ஜப்பானின் சகாய் நகரில் கிடைத்த இடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றி 2016-இல் அறிவித்தார்கள். அது தின்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கை. பெட் மூலக்கூறின் நீண்ட சங்கிலியில் எஸ்டர் என்ற வகைப் பிணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. பாக்டீரியா பெட்டேஸ் என்ற நொதியை (என்சைமை) சுரந்து அங்கே வெட்டுகிறது. விழும் துண்டுகளை இன்னொரு நொதி டெரெப்தாலிக் அமிலமாகவும் எத்திலீன் கிளைக்காலாகவும் பிரிக்கிறது. அதுதான் அதற்குச் சாப்பாடு. மெல்லிய, இறுக்கம் குறைந்த பெட் தாளைத் தின்று தீர்க்கவே 30 டிகிரி சூட்டில் சுமார் ஆறு வாரம் பிடித்தது. பாட்டிலில் இருக்கும் பெட் படிகமாக இறுகியது, நொதிக்கு லேசில் மசியாது.

பால் கவரும் கேரி பேக்கும் பாலிஎத்திலீன். கார்பனோடு கார்பன் கோத்த சங்கிலி அது. வெட்ட எஸ்டரே கிடையாது. மாடித்தோட்டம் போடுகிறவர்கள் இ.எம். கரைசலை (நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கலந்த கரைசல்) ஊற்றினால் கவரும் மக்கும் என்று உரத்தொட்டியில் போடுகிறார்கள். கரைசலில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் காய்கறித் தோலைப் புளிக்க வைக்கும், அவ்வளவுதான். உரத்தைச் சலித்துப் பாருங்கள்: சல்லடையில் முட்டை ஓட்டோடு கவர் கிழிசலும் அப்படியே நிற்கும், அச்செழுத்துகூட அழியாமல்.

'மக்கும் பை' என்று விற்பதிலும் கவனம் வேண்டும். பி.எல்.ஏ. (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) பை மக்க கிட்டத்தட்ட 60 டிகிரி சூடு தொடர்ந்து வேண்டும். உர ஆலையில் அது கிடைக்கும், பக்கிங்ஹாம் கால்வாயில் கிடைக்காது.

காசிமேட்டுக் கரையில் வெயில் பட்டு, தொட்டாலே உதிரும் கவரைப் பார்த்து மக்கிவிட்டது என்கிறார்கள். இதுதான் எனக்கு அதிகக் கவலை தரும் தவறு. புற ஊதாக் கதிர் அதை நொறுக்கியிருக்கிறது, அவ்வளவே. கவரில் இருக்கும் கார்பன், நுண்ணுயிரின் உடலில் சேர்ந்து, கார்பன் டை ஆக்சைடாக வெளியேறினால்தான் மக்கியதாக அர்த்தம். நொறுங்கியது மைக்ரோ பிளாஸ்டிக்காகக் கடலுக்குத்தான் போகிறது.

நொதிக்கு மறுசுழற்சி ஆலையில் நல்ல எதிர்காலம் உண்டு. 2020-இல் பிரான்ஸில் மேம்படுத்திய ஒரு நொதி, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் 90 சதவீத பெட்டைப் பிரித்தது. அதற்கும் பெட்டை முதலில் உருக்கி இறுக்கத்தைத் தளர்த்தி, பொடியாக்க வேண்டியிருந்தது. சாம்பார் படிந்த கலப்புக் குப்பையில் அது நடக்காது. பாட்டிலைத் தனியே எடுத்து வையுங்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் காயலான் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.