இரவு வியர்வைக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கு: என் அனுபவம்

மாதவிடாய் நிற்கும் காலத்தில் வந்த இரவு வியர்வைக்கு, தண்ணீர்விட்டான் கிழங்கை (சதாவரி) நானே பொடித்துப் பாலில் காய்ச்சிக் குடிக்கிறேன். பொடியில் திப்பி நெருடினால் காரணம் கிழங்கின் நடு நரம்பு. கிழங்கைக் கழுவித் தோலுரித்து நீளவாக்கில் கீறினால், வெள்ளைச் சதைக்குள் குச்சி போல நரம்பு தெரியும்; அதை உருவிவிட வேண்டும். நறுக்கி நிழலில் நன்றாகக் காயவைத்து, இடித்துச் சலிக்கிறேன். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும், பிறகு கொட்டத்தான் வேண்டும்.

150 மில்லி பாலில் 50 மில்லி தண்ணீர் விட்டு, 3 கிராம் பொடியைக் கட்டியில்லாமல் கரைத்து, தண்ணீர் வற்றும்வரை சிறுதீயில் காய்ச்சி இரவில் குடிக்கிறேன். மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் கொதிப்பும் வியர்வையும் தணிய 6 வாரம் ஆனது. அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் வயிறுதான் உப்பும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போங்கள், கிழங்கை நம்பி இருக்காதீர்கள்.