இன்ஹியூமன்ஸை எங்கே வைப்பது? மாற்றுலகம் கீறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சித்திரக்கதை கீறுகிற பிள்ளைகள் சிலர் கொப்பியில் கீறியதைப் போனில் படமெடுத்து எனக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் மாற்றுலகக் கதைதான். அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான மார்வெலின் தெரிந்த உலகத்தை எடுத்து, ஏதோ ஒரு இடத்தில் வரலாற்றைத் திருப்பிவிட்டு, அதற்குப் பிறகு என்னவெல்லாம் மாறும் என்று பார்ப்பது. எனக்கும் இதில் சரியான விருப்பம், அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் இருந்து வாசிப்பேன். ஆனால் அந்த உலகத்தில் மறைந்து வாழும் இனமான இன்ஹியூமன்ஸ் கதைக்குள் வந்தவுடன் அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரியான இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

முதலில் வேரைச் சரியாகப் பிடியுங்கள். இந்த இனத்தை 1965இல் ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் உருவாக்கினார்கள். கிரீ என்ற வேற்றுக்கிரகத்தார் ஆதிமனிதரில் சிலரைப் பிடித்துப் பரிசோதனை செய்துவிட்டுப் போனார்கள், அந்தப் பரம்பரைதான் இவர்கள். பிறகு டெரிஜன் என்ற புகையைத் தாங்களே கண்டுபிடித்து, பிள்ளைகளை அதற்குள் விட்டு, ஆளுக்கொரு சக்தியையும் உருவத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மார்வெலின் மற்ற இரண்டு இனங்கள் வேறு: எக்ஸ்-மென் கதைகளில் வருகிற மியூட்டன்ட்களுக்குச் சக்தி பிறப்பிலேயே வருகிறது, எட்டர்னல்ஸ் என்ற இனத்தை ஆக்கியது செலஸ்டியல்ஸ் என்ற விண்வெளிப் பேருருவங்கள். மூன்றையும் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டினால் மூன்றுமே கெட்டுப்போகும். இன்ஹியூமன் பிள்ளை ஒன்று ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் அந்தப் புகைக்குள் இறங்குகிறது, வெளியே வரும்போது தாய்க்கே முகம் தெரியாமல் போகலாம். இந்த ஒரு காட்சி மற்ற இரண்டு இனத்துக்கும் கிடையாது. அதை விட்டுவிட்டுச் சண்டைப் பக்கம் ஓடாதீர்கள்.

மியூட்டன்ட்களைத் தூக்கிவிட்டு அந்தக் கதிரையில் இவர்களை இருத்துவதும் பலர் செய்வது. மார்வெலே அதற்குக் கிட்டப் போய்ப் பார்த்தது. 2013இல் வந்த கதையில் டெரிஜன் குண்டு வெடித்து, உலகம் முழுக்கப் புகை பரவி, புது இன்ஹியூமன்ஸ் எங்கும் முளைத்தார்கள். பிறகு அதே புகை மியூட்டன்ட்களுக்கு நஞ்சு என்று வந்து, இரண்டு பகுதியும் மோதிக்கொண்டன. வெறுப்புக்கு ஆளாகும் சிறுபான்மை என்ற இடம் மியூட்டன்ட்களுக்கு உரியது, பல வருடமாக அவர்கள் அதில் வேரூன்றிவிட்டார்கள். இன்ஹியூமன்ஸ் வேறு. அவர்களுக்குச் சொந்த நகரம், அரசன், சட்டம், யார் யாரை மணக்கலாம் என்று சொல்லுகிற மரபணுச் சபை எல்லாம் இருக்கிறது. சிறுபான்மையாக எழுதுவதைவிட, பக்கத்தில் கிடந்தும் யாரும் போய்ப் பார்க்காத ஒரு நாடாக எழுதிப் பாருங்கள், கதை தானாகவே நகரும்.

அப்புறம், ஒளித்துவைக்கிற பிழை. எனக்கு வந்த ஒரு கதையில் இன்ஹியூமன்ஸின் நகரமான அட்டிலான், முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக்கு அங்கால் காட்டுக்குள் இருக்கிறது, சுற்றிவரக் கண்ணுக்குத் தெரியாத கவசம், ஆயிரம் வருடமாக ஒருவருக்கும் தெரியாது. நான் கேட்டேன், தம்பி, அந்தக் காட்டுக்குள் தேன் எடுக்கப் போகிறவருக்கும் தெரியாதா? பட்டிக்குத் திரும்பாத மாட்டைத் தேடிப் போகிறவருக்கு? யானை நடக்கிற பாதை அந்த இடத்தில் வளைந்து போகுமே, அதைப் பார்க்கிறவர் ஒன்றும் யோசிக்க மாட்டாரா? அவர் வீட்டுக்கு வந்து என்ன சொன்னார், ஊர் அந்த இடத்துக்கு என்ன பெயர் வைத்தது, பொங்கலுக்கு அங்கே யாராவது ஒரு கற்பூரம் கொளுத்துகிறார்களா? ஒளிந்திருக்கிற இனம் ஊர்க்கதையில் எங்காவது கசிந்திருக்கும். அந்தக் கசிவைக் கீறினால்தான் நகரம் உண்மையாகத் தெரியும்.

இனி, எனக்கு மனதில் கனமாகக் கிடக்கிற விசயம். மூலக்கதையில் அட்டிலான் பல தடவை இடம்பெயர்கிறது. அட்லாண்டிக் தீவிலிருந்து இமயமலைக்கு, பிறகு 1982இல் வந்த கதையில் பூமியின் காற்று மாசு அவர்களுக்கு நோயைக் கொடுக்க, நிலாவுக்கு. நகரம் அத்திவாரத்தோடு அப்படியே எழும்பிப் போகிறது. ஒருவர் வீட்டிலும் ஒரு கதவுகூடக் கழலாது. வெளியில் வாசிப்பவருக்கு அது அற்புதம். வன்னியில் இருந்துகொண்டு நீங்களும் அப்படியே கீறினால் நான் நம்பமாட்டேன். இங்கே போரில் இடம்பெயர்ந்த சனம் கூரைத் தகரத்தைக் கழற்றி, யன்னல் கதவைக் கழற்றி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த இடத்தில் அதையே திரும்ப அடித்தது, ஆணி போன பழைய ஓட்டைகளோடு. அந்த ஓட்டைக்குள்ளால் வெயில் பொட்டுப் பொட்டாகப் பாயில் விழும். உங்கள் மாற்றுலகத்தில் நகரம் எழும்பாமல் போனால் என்ன? அரசகுடும்பம் எதைக் கழற்றிக்கொண்டு போகும், சனம் எதை விட்டுவிட்டுப் போகும்? ஆனால் இதைக் கீறுவதென்றால் பொறுப்போடு கீறுங்கள். அழிவை வெறும் பின்னணிப் படமாக வைத்து, அதற்கு முன்னால் ஒரு வீரனை நிறுத்திப் போஸ் கொடுக்க வைக்காதீர்கள். அந்த நாட்களைக் கண்டவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள், முதலில் அவர்களிடம் காட்டுங்கள்.

அரச குடும்பத்தை மட்டும் கீறுவதும் பிழைதான். அரசன் பிளாக் போல்ட், அரசி மெடூசா, கார்னக், கோர்கன், கிறிஸ்டல், ட்ரைட்டன் இவர்களோடு அந்தப் பெரிய நாய் லொக்ஜோ என்று எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நகரத்தின் அடியில் வேலை செய்வதற்கென்றே உருவாக்கப்பட்ட அல்பா பிரிமிட்டிவ்ஸ் என்ற கூட்டம் இருக்கிறது. அடிமைகள் என்றே சொல்ல வேண்டும். கவனிக்கப்படாத இனத்துக்குள் அதைவிடக் கவனிக்கப்படாத இன்னொரு கூட்டம். அவர்களைக் காட்டாமல் அட்டிலானை நல்ல நாடாகக் கீறினால், அது உண்மையை மறைத்த கதை.

சக்தி விசயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மலையே இடியும் என்பதால்தான் பிளாக் போல்ட் பேசுவதில்லை. அதனால் அவனை இன்னும் பலசாலியாக்க மினக்கெட வேண்டாம். அரசன் பேசமாட்டான், மெடூசா அவனுக்காகப் பேசுகிறாள். அவள் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் நாட்டுக்கு என்ன நடக்கும்? அங்கே நல்லதொரு கதை கிடக்கிறது.

சரி, இவர்களை எங்கேதான் வைப்பது? மார்வெல் தன் பாத்திரங்களை வேறொரு உலகத்தில் முதலிலிருந்து திரும்ப எழுதி, 2000இல் தொடங்கி 2015இல் முடித்த அல்டிமேட் வரிசையிலும் இவர்கள் 2005இல் ஒரு ஆண்டுமலரில் வந்தார்கள், ஆனால் அந்த உலகத்தின் பெரிய அலுவல்களில் பெரிதாகச் சேரவில்லை. காரணம் என்று எனக்குப் படுவது, மற்றவர்களின் அன்றாடத்தில் இவர்களுக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. அதனால் நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த நகரம் எங்கே தண்ணீர் குடிக்கிறது?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் வருகிறது. சிறுபோகம் என்ற கோடைகால நெற்செய்கைக்கு முன்னால் கூட்டம் வைத்து, குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். ஆற்றின் மேற்பக்கத்தில் ஒரு மறைந்த நகரம் இருந்தால் கணக்கு உதைக்கும். மழை காணும், குளத்தில் மட்டம் காணாது. இதை அயன்மான் கண்டுபிடிக்கமாட்டார், குளக்கட்டில் நின்று அளவுக்கம்பத்தைப் பார்க்கிற கமக்காரர் கண்டுபிடிப்பார்.

இதைச் சொன்ன பிறகு, முத்தையன்கட்டுக் கதை எழுதிய தம்பி கவசத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு பக்கம் அனுப்பினான். சிறுபோகக் கூட்டம் நடக்கிறது, ஏக்கர் கணக்கில் எல்லோரும் சத்தம் போடுகிறார்கள், பின்வரிசைக் கதிரையில் முழங்கைவரை செதில் உள்ள ஒரு பெண் கைதூக்கிக்கொண்டு தன் முறை வரும்வரை இருக்கிறாள்.