கெசல் பின்விளக்கு மூடிக்கு எடுத்த அச்சு இறுகாத கதை

மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு கெசல் கார் ஒன்றைப் புதுப்பித்து வருகிறேன். பின்விளக்கின் சிவப்பு மூடிகளில் ஒன்றுதான் உருப்படி. இன்னொன்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை. சரி, நல்லதை வைத்து அச்செடுத்து ரெசினில் வார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

மூடியைப் பாதிவரை களிமண்ணில் பதித்து, பிளாட்டினம் வகை சிலிகானை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகி ரப்பராகும் திரவம்) ஊற்றினேன். மறுநாள் மேல்பக்கம் கெட்டி. பிரித்தால் அடியில் தேன் மாதிரி பிசுபிசுப்பு. அளவு தவறியிருக்கும் என்று டிஜிட்டல் தராசில் நிறுத்து மறுபடி ஊற்றினேன், அதேதான். மழைக்காலக் குளிரோ என்று குண்டு பல்புக்குக் கீழே வைத்தேன். புது டப்பாவும் வாங்கினேன். நான்கு நாள் போனது.

கண்ணைத் திறந்தது கலக்கிய கப். அதன் அடியில் தங்கிய மிச்ச சிலிகான் நன்றாக இறுகி, முழுசாக உரிந்து வந்தது. அப்படியென்றால் சரக்கில் குறையில்லை. அச்சைத் திரும்பப் பார்த்தேன். மூடி தொட்ட இடத்தில் மெல்லிய வரிகள்கூடத் தெளிவாகப் பதிந்திருந்தன. களிமண் தொட்ட விளிம்பில் மட்டும்தான் பிசுக்கு. நான் வைத்தது பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண். அந்த வகை பலவற்றில் கந்தகம் இருக்கும். அது பிளாட்டினத்தை முடக்கி, சிலிகானை இறுக விடாது.

கந்தகம் இல்லாத சிற்பக் களிமண் வாங்கினேன். மூடியின் இடுக்கில் இருந்த பழைய மண்ணைப் பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்து எடுத்தேன். லேடெக்ஸ் ரப்பர் கையுறையும் இதேபோல் சிலிகானை இறுக விடாது, அதனால் நைட்ரைல் கையுறைக்கு மாறினேன். மறுநாள் காலை அச்சு சுத்தமாகப் பிரிந்தது. அப்பாடா! அதில் வார்த்த மூடி இப்போது வண்டியில் இருக்கிறது.